அரைப்பேர்

மலைநாட்டுத் தோட்டங்களிலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியானதொரு பொருள் உண்டு. ஒரு நாளைய வேலைக்கு எழுதப்படும் கூலிப் பதிவையே அங்கு பேர் என்கின்றனர். தோட்டம் விதித்த அளவு கொழுந்து தராசிலே நின்றால் அன்றைக்குப் பேர் கிடைக்கும். நிறை குறைந்தால் அரைப்பேர். கொழுந்து குன்றிய வரட்சிக் காலமாயினும், மலையேறி இறங்கிய உழைப்பிலே குறைவொன்றும் இல்லையாயினும், அரைப்பேர் அரைப்பேர்தான். லுணுகலையிலும் மடுல்சீமையிலும் பசறையிலும் இச்சொல்லை விளக்க எவர்க்கும் அகராதி வேண்டியதில்லை.

உயர்கல்வி உலகத்திலும் இத்தகைய பேரேடு ஒன்று உண்டு. எந்தப் படிப்புத் தொழில்வாண்மைப் பட்டம், எது வெறும் பட்டம், எது பட்டமே அல்லாத பயிற்சி என்று வகுத்து வைக்கும் ஏடு அது. அதிலே முழுப்பேர் பெறுவோர் யாவர், அரைப்பேர் பெறுவோர் யாவர், அப்பகுப்பு எந்த நியாயத்தின் மேல் நிற்கின்றது என்ற வினாக்கள் கல்வி அதிகாரிகள் மாத்திரம் பேசித் தீர்த்துக்கொள்ளும் விடயங்களல்ல. ஊவாத் தோட்டத்துப் பிள்ளையின் வகுப்பறை வரைக்கும், நோய்ப்படுக்கை வரைக்கும் அவை வந்து சேர்கின்றன.

அண்மைக் காலத்திலே இவ்வினாவை உலகறிய எழுப்பிய நாடு ஐக்கிய அமெரிக்கா. 2025 யூலையில் அங்கு நிறைவேறிய சட்டமொன்று, பட்டமேற்படிப்பு மாணவர் அரசாங்கத்திடம் பெறும் கடனுக்கு எல்லை வகுத்தது. தொழில்வாண்மைப் பட்டம் பயில்வோர் ஆண்டுக்கு 50,000 டொலர் வரை பெறலாம்; ஏனையோர் 20,500 டொலருடன் நிற்றல் வேண்டும். அவ்வாறாயின் தொழில்வாண்மைப் பட்டம் எது? அதே ஆண்டு நவம்பரில், கல்வித் திணைக்களம் கூட்டிய குழு ஒரு பட்டியலுக்கு உடன்பட்டது. வைத்தியம், பல்வைத்தியம், சட்டம், மருந்தியல், கால்நடை வைத்தியம் ஆகியன அதில் இருந்தன. சமயக் குருமாருக்குரிய இறையியலும் இருந்தது. தாதியர் கல்வி இல்லை, ஆசிரியர் கல்வி இல்லை, சமூகப்பணியும் இல்லை. எதிர்ப்பு எழுந்தபோது, இது கடன் கணக்கிற்கான வரையறையேயன்றி எத்தொழிலின் மதிப்பையும் குறித்த தீர்ப்பன்று என்று திணைக்களம் விளக்கம் கூறிற்று. பணத்தை அளந்து கொடுக்கும் கோல் மதிப்பை அளப்பதில்லை என்ற இவ்விளக்கத்தை, அரைப்பேர் வாங்கி வீடு திரும்பும் பெண்ணொருத்தி எவ்வளவு தூரம் நம்புவாள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய பகுப்புகள் இயற்கையில் விளைந்தனவல்ல என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. ஒரு காலத்திலே இலங்கைச் சட்டத்தரணிகள் அப்புக்காத்துமார் என்றும் பிறக்கிராசிமார் என்றும் இரு சாதியாரைப் போலப் பிரிந்து நின்றனர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அடுத்த ஆண்டு முதல் அனைவரும் ஒரே பெயரினராயினர். அது மட்டுமன்று. 1874 இல் தோன்றிய சட்டக் கல்லூரியிற் பயின்று சட்டத்தரணியாவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் இன்றும் கட்டாயமன்று. சட்டத்திற் பட்டம் பெற்ற ஒருவரோ, அப்பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட இயலாது. பட்டமில்லாத் தொழில்வாண்மையும் தொழிலுரிமை தராப் பட்டமும் ஒரே துறையில் அருகருகே வாழ்கின்றன; எவரும் இதனை விந்தையெனக் கருதுவதில்லை.

வைத்தியத்திலும் இவ்வாறே. 1870 இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியப் பாடசாலை நெடுங்காலம் வழங்கி வந்தது அனுமதிப் பத்திரமே. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே இங்கு அது பட்டமாயிற்று. அதற்கும் முன்னர், 1847 இல் இலங்கை வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிசனறி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அம்மாணவரின் கையிலே பல்கலைக்கழகப் பட்டம் இருந்ததில்லை. நோயாளர் அவர்களை வைத்தியர் என்றே அழைத்தனர்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழும், எழுதலே முறையுமாகும். எல்லைகள் மனிதர் இட்டவை என்பதனால் அவை வேண்டாதவை ஆகிவிடுமா? அரைகுறைப் பயிற்சி பெற்றவனிடம் உயிரை ஒப்படைக்கும் கொடுமையிலிருந்து ஏழையைக் காப்பதும் இவ்வெல்லைகளே அன்றோ? உண்மைதான். 1910 இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வட அமெரிக்காவின் வைத்தியக் கல்லூரிகளை நேரிற் கண்டு எழுதிய அறிக்கை, காசுக்குச் சான்றிதழ் விற்ற பல கடைகளை மூடுவித்தது. நோயாளர் அதனால் நன்மையடைந்தனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அதே அறிக்கை, கறுப்பு இன மாணவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டே நிலைக்கத் தக்கவை எனத் தீர்த்தது. மற்றையவை மறைந்தபின், அம்மக்களின் ஊர்களுக்கு நல்ல வைத்தியர் வந்து சேர்வதற்கு வழி செய்தாரில்லை. தரம் உயர்ந்தது, உயர்ந்த தரம் ஒரு சாராருக்கு எட்டவில்லை. அதே பிளெக்ஸ்னர்தான் 1915 இல், சமூகப்பணி தொழில்வாண்மையாகுமா என்ற வினாவிற்கு, இன்னும் ஆகவில்லை என விடை பகர்ந்தார். நூற்றுப்பத்து ஆண்டுகள் சென்ற பின்னரும் அதே பணி அதே வாயிலில் நிறுத்தப்படுகின்றது.

தோட்டங்களில் நடந்ததும் இதன் மறுபக்கமே. தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கு ஏற்பாடு வேண்டுமெனக் குடியேற்ற அரசு 1872 இலும் 1912 இலும் சட்டங்கள் இயற்றிற்று. நடைமுறையிலே லயத்து மக்கள் கண்டது பெரும்பாலும் தோட்டத்து டிஸ்பென்சரையே. பிரசவம், காய்ச்சல், கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் யாவும் அவர் வாயிலுக்கே வந்தன. மக்கள் அவரை 'டொக்டர் ஐயா' என்றழைத்தனர். ஏடு அவரை மருந்து கலந்து கொடுப்பவர் என்றது. அவர் பால் நமக்குக் குறையொன்றும் இல்லை. அர்ப்பணிப்போடு உழைத்தவர் பலர். முழு நோயையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்கு அரைப் பயிற்சியும் அரைப் பெயரும் கொடுத்த ஏற்பாட்டையே நாம் கேள்விக்குள்ளாக்குகின்றோம். பெயர் குறைவாயிருந்ததனால் சம்பளம் குறைந்தது. பயிற்சி குறைவாயிருந்ததனால் நோயாளியின் வாய்ப்புக் குறைந்தது. இரு குறைவுகளின் இலாபமும் தோட்டக் கணக்கிலே சேர்ந்தது.

இது பழங்கதையெனின், ஆசிரியர் விடயம் நேற்றையது. பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்குவதற்கென 2015 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூவாயிரம் இளைஞரும் யுவதியரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய தோட்டத்துப் பிள்ளைகள் அவர்களிற் பலர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட பதவிப்பெயர் 'ஆசிரிய உதவியாளர்'. மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா. போராட்டங்களின் பின்னர் 10,000 ரூபா. பயிற்சியை முடித்த பின்னரே இலங்கை ஆசிரியர் சேவையில் இடமுண்டு என்பது ஏற்பாடு.

உதவியாளர் என்ற சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குவோம். யாருக்கு உதவி? உதவியாளர் என்றால் முதன்மையாளர் ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். ஆசிரியர் இல்லாத குறையை நீக்கவே இவர்கள் அனுப்பப்பட்டனர். ஆகவே இவர்கள் உதவுதற்கு அவ்வகுப்பறையில் ஆசிரியர் இருந்ததில்லை. கரும்பலகையின் முன் நின்றவர் அவரே. நேரசூசி முழுவதையும் சுமந்தவர் அவரே. பரீட்சைப் பெறுபேறு வீழ்ந்தபோது பெற்றோர்க்கு விடை கூறியவரும் அவரே. இல்லாத ஆசிரியருக்கு உதவியாளராக இருத்தல் என்பது தருக்க நூலாருக்கும் விளங்காத ஒரு நிலை. சம்பளப் பட்டியல் எழுதுவோருக்கு மட்டும் அது நன்கு விளங்கிற்று. தாய் மலையிலே வாங்கிய அரைப்பேரை, உயர்தரம் வரை படித்து வந்த மகள் பாடசாலையிலே வாங்கினாள்.

ஆகவே இப்பகுப்பின் நியாயத்தைச் சோதிப்பதற்கு நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கின்றோம். படிப்பு எத்தனை ஆண்டு, நூல்கள் எவ்வளவு கடினம், அங்கி எந்நிறம் என்பவை இரண்டாந்தரமானவை. ஒருவர் தம் தீர்மானத்தினால் பிறருடைய உடலுக்கோ, உரிமைக்கோ, அறிவு வளர்ச்சிக்கோ பொறுப்பாளியாகின்றாரா? அவர் தவறினால் அத்தவறோடு வாழ வேண்டியவர், தவறென்று அறியும் ஆற்றல்கூட இல்லாத நிலையில் இருக்கின்றாரா? ஆம் எனின் அது தொழில்வாண்மை. நள்ளிரவில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலிற் கண்டு முடிவெடுக்கும் தாதி இவ்வளவுகோலில் முழுமையாக நிற்கின்றாள். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியையும் நிற்கின்றாள். அக்குழந்தை தனக்குத் தவறாகக் கற்பிக்கப்பட்டதென்று முறையிடப் போவதில்லை. பொறுப்பு முழுமையாயின் பயிற்சியும் முழுமையாதல் வேண்டும். பேரும் முழுமையாதல் வேண்டும். பொறுப்பை முழுமையாகச் சுமத்திவிட்டு மற்ற இரண்டையும் பாதியாக்கும் எந்த வகைப்பாடும், அது எத்தனை அழகிய அட்டவணையில் வந்தாலும், கூலியைக் குறைக்கும் உபாயமே.

லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதியிலே, 2005 இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்றொரு பட்டப்படிப்பு அங்குண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றிலே ஊவாத் தேயிலைக்கு ஏறும் தனி மணம், இன்று பட்டத்திற்குரிய அறிவு. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. தோட்டங்களை ஆண்ட துரைமார் இத்தகைய பட்டம் பெற்று வந்தவர்களல்லர். 'கிறீப்பர்' என்ற பெயரோடு பெரியதுரையின் பின்னால் சில காலம் நடந்து பழகியே சின்னத்துரையாயினர். செய்து பழகிய அறிவு பங்களாவில் இருந்தபோது அதற்குச் சான்றிதழ் எவரும் கேட்டிலர். லயத்தில் இருந்தபோது அதனை அறிவென்றே எண்ணிலர். எந்தச் செடியை எந்த மட்டத்திற் கவ்வாத்து வெட்டினால் மீண்டும் தளிர்க்கும் என்பதை அறிந்தவர் மூன்று தலைமுறையாகத் திறனற்ற தொழிலாளர் என்றே எழுதப்பட்டு வந்துள்ளனர். கொழுந்து பறிப்போர்க்கெல்லாம் பட்டமளிக்க வேண்டுமென்று இதனால் நாம் கூற வரவில்லை. பட்டமில்லாமை ஓரிடத்தில் பரம்பரைத் தகுதியாகவும் மற்றோரிடத்தில் பரம்பரைக் குறையாகவும் எண்ணப்பட்டதையே சுட்டுகின்றோம்.

தமிழிலே தொழிலாளி, தொழில்வாண்மையாளர் என்னும் இரு சொற்களும் ஒரே வேரிற் கிளைத்தவை. ஆங்கிலத்திலே இவற்றிற்குரிய சொற்களுக்கு அத்தகைய உறவில்லை. நம் மொழி நமக்களித்துள்ள இவ்வசதியை நாம் பயன்படுத்தியது குறைவு.

2012 இல் வெளியான இலங்கைத் தகைமைச் சட்டகம், உயர்கல்வி முழுவதையும் பன்னிரண்டு படிகளில் அமைத்துள்ளது. ஐந்தாம் படியிலே மூன்றாண்டுப் பட்டம். ஆறாம் படியிலே சிறப்புப் பட்டம். தேசிய தொழிற்தகைமையின் ஏழாம் மட்டம் அந்த ஐந்தாம் படிக்கு நிகரானதென ஏற்கப்பட்டுள்ளது. வேலை செய்து பெற்ற முன்னறிவை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையும் தொழிற்தகைமையில் உண்டு. எழுத்திலே இது நல்ல ஏணி. பதுளை மாவட்டம் கல்வி வசதி குறைந்ததெனப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுள் ஒன்று என்பதையும் அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. அங்ஙனமாயின் ஏணியின் அடிப்படிகளை லுணுகலைக்கும் பசறைக்கும் கொண்டு வரட்டும். மதிப்பீடு தமிழில் நடக்கட்டும். தோட்டப் பாடசாலையில் கழித்த ஆண்டுகளும், தோட்டத்து மருந்தகத்தில் கழித்த ஆண்டுகளும், பிள்ளை மடுவத்திலே பிறர் குழந்தைகளைப் பேணிக் கழித்த ஆண்டுகளும் அதில் எண்ணப்படட்டும். அவ்வாறு எண்ணுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. எண்ணுவோரை அனுப்பினாற் போதும்.