முறையிடாத உயிர்

“பாம்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

கல்லூரியில் என்னோடு பயின்று, இன்று இங்கிலாந்தில் பணிபுரியும் தோழர் ஒருவர், சென்ற ஆண்டு மார்கழியில் இப்படி எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். ஆசிரியர் அறையில் உடனிருந்தோருக்கும் படித்துக் காட்டினேன். “பாம்பை அடிக்க ஆள் தேடுவார்கள், பிடிக்க ஆள் தேடுவார்கள். பேணுவதற்கும் ஆள் தேடுவார் உண்டோ?” என்றார் கணக்காசிரியர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்த காதுகள் அல்லவா!

சிரிப்பு அன்று மாலையே அடங்கிவிட்டது. மடல் எழுப்பிய கேள்வி மட்டும் அடங்கவில்லை. நம்மை அறியாத, நம்மை விரும்பாத, நாம் செய்வது நன்மை என்று உணராத ஓர் உயிருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? ஆம் எனில், அந்தக் கடமையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு நாம் கிளம்பிவிடலாமா?

நல்லபாம்பையும் மலைப்பாம்பையும் வீட்டில் வைத்து வளர்க்க நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. இங்கிலாந்திலோ, நச்சுப் பாம்பு வளர்க்கத்தான் உரிமம் வேண்டும். அதற்கென 1976இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். நஞ்சில்லாதவற்றை, நாம் கிளி வளர்ப்பது போலப் பலர் வளர்க்கிறார்கள். தோழரிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சிறு மலைப்பாம்பு. அஞ்சினால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். ‘பால் பைத்தான்’ என்பது அதன் பெயர். (இந்தப் பாலுக்கும் நம்மூர்ப் புற்றில் ஊற்றும் பாலுக்கும் உறவில்லை; பந்து என்பதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது.) மற்றொன்று, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சோளப் பாம்பு.

தையில் தங்கையின் திருமணம். மூன்று வாரம் மதுரையில் இருந்தாக வேண்டும். நாய் வளர்ப்பவராயிருந்தால் ஒரு நாள்கூட அப்படியே விட்டுப் போக முடியாது. குரைத்துத் தெருவைக் கூட்டிவிடும். பூனையும் கத்தும். பாம்பு? “மூன்று வாரம் என்ன, மூன்று மாதம் உண்ணாமல் கிடக்கும். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்பு” என்றார்களாம் உடன் வேலை பார்ப்பவர்கள்.

அவர்கள் சொன்னது பொய்யன்று. அந்த மலைப்பாம்பு மாதக் கணக்கில் இரை தொடாமல் இருப்பது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவன்று. பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்துதான் பெறுகிறது. காட்டில் வெயில் வேண்டுமானால் பாறைமேல் ஏறும், வேண்டாவிட்டால் வளைக்குள் இறங்கும். கண்ணாடிப் பெட்டியில் அடைபட்ட பாம்புக்குப் பாறையும் நாமே, வளையும் நாமே. பெட்டியின் ஒரு முனையில் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ், மறுமுனையில் 25 பாகை என்று வைத்தால்தான் அது தனக்கு வேண்டிய சூட்டைத் தேடி நகர முடியும். சூடு குறைந்தால் விழுங்கிய இரை செரிக்காது, கக்கிவிடும், மூச்சுறுப்பில் நோய் பற்றும். சூடு மிகுந்தாலோ உடல் வெந்துபோகும். இங்கிலாந்தின் தை மாதத்தில், ஆளில்லா வீட்டில், இவ்வளவையும் நடத்துவது ஒரு சூட்டுப் பாயும், தெர்மோஸ்டாட் எனும் வெப்பச் சீராக்கியும், அவற்றுக்கு வரும் மின்சாரமும் மட்டுமே.

“கிடக்கும்” என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். தாங்கும், பொறுக்கும், ஒன்றும் கேட்காது. ஆகவே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை! எத்தனை வசதியான வாதம்! என் வகுப்பில் மூன்று மாதம் கடைசி வரிசையில் ஒரு மாணவி அமர்ந்திருந்தாள். கரும்பலகையில் எழுதியது அவளுக்குத் தெரியவேயில்லை. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “அமைதியான பெண்” என்று மதிப்பேட்டில் பாராட்டும் எழுதிவைத்தேன்! கண்ணாடி அணிந்து அவள் முதல்முறை பலகையைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை. முறையிடுவோருக்கு மட்டுமே கடமை என்றால், முறையிடத் தெரியாதவர்களின் துன்பத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பகுத்தறியும் ஆற்றல் உண்டா, பேச்சு உண்டா என்பதை வைத்து ஓர் உயிரை அளக்காதீர். வலியை உணருமா என்பதே அளவுகோல் என்று, 1789இல் வெளிவந்த நூலொன்றில் வாதிட்டார் ஜெரமி பெந்தம். இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக 2006இல் வந்த விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள உயிர் எதை வளர்த்தாலும் அதற்கேற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பாக நடமாட வழி, நோயினின்றும் வலியினின்றும் காப்பு ஆகியவற்றைத் தருவது வளர்ப்பவரின் கடமை என்கிறது. நிலையாகப் பொறுப்பேற்றவர், சில நாள் மட்டும் பொறுப்பேற்றவர் என்ற வேற்றுமையை அது பாராட்டவில்லை. அதே வேளையில் உடைமையாளரை அது விட்டுவிடவுமில்லை. மதுரையில் மணப்பந்தலில் நின்றாலும் அவர் பொறுப்பாளரே!

தோழர் நாடியது அடுத்த வீட்டு அம்மையாரை. ஓய்வுபெற்ற செவிலியர், தனியே வாழ்பவர். “எனக்குப் பாம்பென்றால் அச்சம். கையால் தொடமாட்டேன், செத்த எலியையும் எடுக்கமாட்டேன். தண்ணீர் மாற்றுகிறேன், வெப்பமானியைப் பார்க்கிறேன்” என்றாராம் அவர். இதைச் சொல்லித் தோழர் நகைத்தார். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. தம்மால் இயன்றது எது, இயலாதது எது என்று முன்கூட்டியே சொல்பவரைவிட நம்பத்தக்கவர் யார்? புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னர் இரண்டுக்கும் இரை தந்துவிடுவது, பிறகு திரும்பி வரும்வரை இரையே வேண்டாம் என்று முடிவாயிற்று. நன்கு வளர்ந்த பாம்புகளுக்கு இதனால் தீங்கில்லை. கால்நடை மருத்துவரின் எண்ணையும், எந்தப் பெட்டிக்கு எத்தனை பாகை என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டார். சோளப் பாம்பு அதற்கு முந்திய கோடையில் மூடியின் இடுக்கு வழியே வெளியேறி, இரண்டு நாள் கழித்து அடுக்களையில் அகப்பட்டது. “சொன்னால் அந்த அம்மையார் மறுத்துவிடுவார், மூடியைத்தான் சரிசெய்துவிட்டேனே” என்று எனக்கு எழுதினார். இதில்தான் எங்களுக்குள் சண்டை. அவருடைய அன்பையும் உழைப்பையும் கேட்டுப் பெறுகிறாய். அவர் எதற்கு இசைகிறார் என்பதை அவரிடமிருந்தே மறைக்கிறாய். இது இசைவைத் திருடுவது அல்லவா என்று கேட்டேன். தோழர் இரண்டு நாள் மறுமொழி தரவில்லை. மூன்றாம் நாள், “சொல்லிவிட்டேன். திட்டினார். ஆனால் மறுக்கவில்லை” என்று ஒரு வரி வந்தது.

என் பாட்டி நினைவுக்கு வருகிறார். வெள்ளிக்கிழமைதோறும் புற்றுக்குப் பால் கொண்டுபோவார். சிறுவனாக நானும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அவர் உள்ளத்தில் இருந்தது அன்பே, ஐயமில்லை. ஆனால் பாலா பாம்பின் உணவு? நாள் கணக்கில் நீரின்றி வாட்டிவைத்த பாம்புதான், நீரென்று எண்ணிப் பாலில் வாய் வைக்கும். குடித்ததும் அதன் வயிற்றுக்கு ஒவ்வாது. பாட்டி பாம்பைத் தெய்வம் என்றார். அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆங்கில அம்மையார் பாம்பை வணங்கவில்லை, விரும்பவுமில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் கண்ணாடிக்கு ஓரடி தள்ளி நின்று வெப்பமானியைப் படித்தார். பாம்புக்கு இவ்விருவரில் எவர் நல்லவர்?

பத்தாம் நாள் மாலை. மலைப்பாம்பின் பெட்டியில் சூடு 41 பாகை காட்டியது. வெப்பச் சீராக்கியின் உணர்கம்பி ஒட்டு விட்டுக் கழன்று குளிர்ந்த முனையில் விழுந்திருக்கிறது. குளிர்ச்சி என்றே அது உணர்த்த, பாய் ஓயாமல் சூடேறிக்கொண்டிருந்தது. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது. குரல் இல்லை, தட்டல் இல்லை. அம்மையார் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மதுரைக்குப் பேசினார். இங்கே நள்ளிரவு, மறுநாள் திருமணம். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்த தோழர் தொலைபேசியில் வழிசொல்ல, உணர்கம்பியை அதன் இடத்தில் அவரே ஒட்டினார். அதற்காகப் பெட்டிக்குள் கைவிட வேண்டியிருந்தது, விட்டார். அச்சம் போய்விட்டதா என்று பிறகு கேட்டதற்கு, “இல்லை, கை நடுங்கியது” என்றாராம்.

அந்த நடுக்கத்தைப் பாம்பு அறியாது. அம்மையாரின் முகத்தையும் அது நினைவில் வைத்திராது. நாய்க்குச் செய்தால் வாலாட்டும். பிள்ளைக்குச் செய்தால் சிரிக்கும். நமக்கும் ஓர் இன்பம் திரும்பி வரும். அவ்வின்பத்துக்காகவே செய்கிறோமோ என்ற ஐயம் அங்கே எப்போதும் உண்டு. இங்கே அதற்கு இடமில்லை.

“அப்படியானால் அடைத்து வைப்பதே தவறுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியது. பாம்புக்கு அந்தப் பழக்கமில்லை. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பெருந்தொகையாகப் பிடித்தும் குஞ்சு பொரிக்கச் செய்தும் விற்பனைக்கு அனுப்பும் வணிகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோழரின் பாம்பு இங்கிலாந்திலேயே கூண்டில் பிறந்தது. குளிர்நாட்டில் திறந்துவிட்டால் மடிந்துபோகும். புதிதாக ஒன்று வாங்காதே என்று நான் சொல்லலாம், சொன்னேன். இருப்பதை என்ன செய்வது? அது முப்பது ஆண்டுகூட வாழக்கூடும் என்கிறார். ஒருநாள் ஆசைக்கு முப்பது ஆண்டுக் கடன்!

வரும் தையில் தோழர் மீண்டும் வருகிறார். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மையார் இசைவு தந்துவிட்டாராம். ஆனால் இம்முறை பட்டியல் எழுதியது அவர்: பெட்டிக்கு இரண்டு வெப்பமானி, உணர்கம்பியைப் பிணைக்க உறுதியான கவ்வி, சோளப் பாம்பின் மூடிக்குப் பூட்டு, பூட்டின் சாவி தம்மிடம்.