கொடுப்பதும் கொடுக்கும் முறையும்

ஈதல் அறம் என்பதை மறுப்பார் உலகில் எவருமிலர். பொருள் உடையவன் பொருளையும், கல்வி உடையவன் கல்வியையும், உடல்வலி உடையவன் உழைப்பையும் பிறர்க்கு அளித்தல் வேண்டுமென்று எல்லா நாட்டு அறிஞரும் ஒருமுகமாகக் கூறியிருக்கின்றனர். ஆயின், கொடுத்துவிட்ட அளவில் கொடுப்போனுடைய கடமை முடிந்துவிடுகின்றதா? கொடுத்தது பெறுவோனிடம் சென்று சேராவிடின் அக்குறை யாருடையது? இக்கேள்விக்கு விடை காணப் பெருநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. வயலில் நீர் தெளிக்கப்படும் முறையைச் சற்றே ஊன்றி நோக்கினால் போதும்.

வீட்டுக் கொல்லையில் கீரை விதைத்த பெண்மணி ஒருத்தி, அப்பாத்தியின்மேல் வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்ப்பதில்லை. பூவாளியைக் கொண்டேனும், விரலிடுக்குகளின் வழியேனும் சிறுகச் சிறுகத் தெளிக்கின்றாள். கவிழ்த்தால் விதை ஒரு மூலையில் ஒதுங்கும்; முளை சாயும்; மண் இறுகும். வாளியில் இருந்ததும் பூவாளியில் இருந்ததும் ஒரே தண்ணீர்தான். வேறுபட்டது முறை ஒன்றே. அம்முறையோ ஒரு பாத்தியை வாழ்விக்கின்றது அல்லது அழிக்கின்றது.

அப்பெண்மணி கையால் செய்ததைப் பெருநிலத்தில் இயந்திரத்தால் செய்ய முற்பட்டவர் பலர். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துக் கிளெண்டோரா என்னும் ஊரில், ஆரஞ்சு எலுமிச்சை இனப் பழமரங்களைப் பயிரிட்டு வந்த ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்பவர் 1933-ஆம் ஆண்டில் ஒரு தெளிப்பானை அமைத்தார். குழாய் முனையிலிருந்து பாயும் நீர்த்தாரை வில்கம்பி பூட்டிய ஒரு கரத்தின்மேல் மோதும், கரம் விலகும், மீண்டு வந்து தட்டும், தட்டுந்தோறும் முனை சிறிது திரும்பும். இவ்வாறு தாரை உடைந்து துளியாகிச் சுற்றிலும் பரவும். பின்னர்க் கொலராடோ மாகாணத்து உழவர் பிராங்க் சைபாக், நடுவில் ஒரு முனை நிலைத்திருக்க, நெடுங்குழாய் ஒன்று சக்கரங்களின்மேல் வயல் முழுவதையும் வட்டமிட்டு நனைக்கும் பொறியை ஆக்கி, 1952-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இக்கருவிகள் நீரை நெடுந்தொலைவு எறிய வல்லவை. ஆனால் எறியப்பட்ட நீர் மண்ணின்மேல் எவ்வாறு விழுகின்றது என்பதன்றோ கேள்வி? 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி காற்றினூடே விழும்போது வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்திற்கு மேல் செல்வதில்லை. 5 மில்லிமீட்டர்த் துளியோ ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தை எய்தும். அதன் எடை சிறு துளியைப்போல் 125 மடங்கு. எடையையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெருந்துளியின் தாக்கும் ஆற்றல் சிறுதுளியைக் காட்டிலும் 600 மடங்குக்கும் மிகுதியாகின்றது.

அத்தாக்குதல் மண்ணை என்ன செய்கின்றது? மண் அரிப்புக்குக் காரணம் ஓடும் வெள்ளமே என்று பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த எலிசன் என்னும் ஆராய்ச்சியாளர், வெள்ளம் ஓடத் தொடங்குமுன்னரே துளியின் அடி மண்ணைச் சிதைத்துவிடுகின்றது என்பதை 1940-களில் சோதனைகளால் விளக்கிக் காட்டினார். துளி அடிக்கின்றது, மண்கட்டி உடைகின்றது, நுண்பொடி சிதறி மண்ணின் துளைகளை அடைக்கின்றது, மேற்பரப்பு மெழுகியதுபோலாகிக் காய்ந்தபின் பொருக்காகின்றது. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்க வழியின்றி வழிந்தோடுகின்றது. கீழே விதை நீர்வேட்கையால் வாடுகின்றது. முளைத்தாலோ பொருக்கைப் பிளந்து தலைகாட்ட இயலாது மடிகின்றது.

இங்கேதான் நமக்குரிய பாடம் உளது. வழிந்தோடும் நீரைக் கண்டவன் யாது சொல்வான்? “இது கல்நிலம்; எத்துணை நீர் விட்டாலும் ஏற்காது” என்றே சொல்வான். அந்நிலத்தைக் கல்லாக்கியது தான் விட்ட நீரே என்பதை அவன் எண்ணுவதில்லை. தன் கையின் வன்மையால் விளைந்ததைப் பெறுவோனின் இயல்பென்று தீர்ப்புக் கூறிவிடுகின்றான். உலகில் நன்மை செய்யப் புறப்பட்டவர்கள் இழைக்கும் அநீதிகளுள் இதனினும் பெரியது வேறொன்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாலை வகுப்பில் ஊதியமின்றிக் கணக்குக் கற்பித்து வந்தேன். பிள்ளைகள் பின்தங்கியவர்கள்; தேர்வோ நெருங்கியிருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் அவர்கள்மேல் கொட்டினேன். பிழை செய்த பையன் ஒருவனை எல்லோர்முன்னும் கடிந்துகொண்டேன். அதன்பின், “புரிந்ததா?” என்று எதைக் கேட்டாலும், “புரிந்தது ஐயா” என்பதே அவன் விடையாயிற்று. அது புரிந்தவன் குரலன்று. பொருக்குக் கட்டிய மண்ணின் ஓசை. சில வாரங்களில் அவன் வருவது நின்றது. “படிப்பில் அக்கறையில்லாதவன்” என்று நானும் சொன்னேன். அவன் முதல் நாள் முன்வரிசையில் வந்து அமர்ந்தவன் என்பது வெகுநாள் கழித்தே நினைவுக்கு வந்தது.

அப்படியாயின், மென்மை என்பது தளர்ச்சியா? அன்று. தெளிப்பானே இதற்கும் சான்று. சாதாரணக் குழாய்முனையில் அழுத்தம் குறைந்தால் துளி மென்மையாகும் என்று நினைப்போம், நிகழ்வதோ மாறானது. அழுத்தம் குறையின் தாரை நன்கு உடையாமல் பருத்த துளிகளாக விழுந்து மண்ணை அடிக்கும். குறைந்த அழுத்தத்திலும் மென்மையாய்ப் பெய்யுமாறு பிற்காலத்தில் அமைக்கப்பட்ட கருவிகளில், தாரை ஒரு தட்டின்மேல் மோதி உடைந்த பின்னரே வெளிச்செல்கின்றது. தாரையின் வேகத்தை முதலில் கருவி தாங்கிக்கொள்கின்றது. அதனாலேயே மண் தாங்க வேண்டுவதில்லை. பொறுமையுள்ள ஆசிரியனிடமும் தாயிடமும் நாம் காண்பது இதுவே.

மென்மைக்கும் எல்லை உண்டு. துளி மிக நுண்ணிதாயின் காற்று அதனை அள்ளிச் செல்லும், வெயில் குடித்துவிடும், மண்ணை அது எட்டுவதேயில்லை. நாள்தோறும் மேலோட்டமாக நனைத்து வந்தால் வேர் ஆழ இறங்காமல் மேலேயே நின்று, ஒரு வறட்சியில் பயிர் வீழும். யாரையும் நோகச் செய்யாத இனிய சொற்களையே பேசி, ஒன்றையும் கற்பிக்காமல் விடுபவனும், பிறரை என்றும் தன் கையை எதிர்பார்க்கச் செய்பவனும் இவ்வகையினரே. துளி மண்ணைச் சேரும் அளவு கனத்திருத்தல் வேண்டும். மண்ணை உடைக்கும் அளவு கனத்தலாகாது. பெய்யும் விரைவு மண் உறிஞ்சும் விரைவை மிஞ்சலாகாது. ஆகவே அளவை வகுப்பது தொட்டியின் நிறைவன்று, மண்ணின் தன்மையே.

தெளிப்பானை நாம் திருத்தலாம். வானத்தைத் திருத்த முடியுமா? முடியாதவிடத்துச் செய்யத்தக்கது யாதென்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில், மரங்களுக்கிடையே புல்லின் சுவடுமில்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல நிர்வாகமென்று கருதப்பட்டது. வெற்று நிலத்தின்மேல் பெருமழை அடித்தது. மேல்மண் சரிவுகளில் கரைந்தோடியது. உயர்ந்த மரங்கள் மண்ணைக் காக்கவில்லை. இலைநுனியில் திரண்ட நீர் பெருந்துளியாகி உயரத்திலிருந்து வீழ்ந்தது. பின்னர்த் தரையோடு படரும் பயற்றினக் கொடிகளை வளர்த்தபோதே அழிவு தணிந்தது. மழையின் வன்மையைத் தணித்தது, மண்ணோடு மண்ணாய்ப் படர்ந்த எளிய கொடியே. மக்களிடையிலும், உயரத்தில் நின்று அருள்பவரைவிட, அருகிலிருந்து அடியைத் தான் ஏற்பவரே துணையாவர்.

“வீடு பற்றி எரியும்போது பூவாளியைத் தேடுவதா?” என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. எரியும் நெருப்பின்மேல் வாளியையே கவிழ்க்க வேண்டும். ஏனெனில் அங்கு நோக்கம் அழித்தல். தீய வழக்கத்தையும் கொடுஞ்சட்டத்தையும் எதிர்க்குமிடத்து வன்மை வேண்டியதே. ஆயின் அவ்வழக்கத்தில் சிக்கி நிற்கும் மனிதன் நெருப்பல்லன், அவன் விதை. நெருப்புக்கு உரியதை விதைக்குச் செய்துவிட்டு, விதை முளைக்கவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.

ஆதலின், கொடுக்கும் கையுடையோர் ஒவ்வொருவரும், “எவ்வளவு கொடுத்தேன்?” என்று கேட்பதோடு நில்லாது, “எவ்வளவு உள்ளே இறங்கியது?” என்றும் கேட்பாராக. நீர் வழிந்தோடுவதைக் கண்டால், நிலத்தைப் பழிக்குமுன் தம் கையிலுள்ள கருவியை ஒருமுறை நோக்குவாராக.