அறுபத்துநான்கு பேர்

போன வருஷம் கீழ்க்கட்டளையில் ஒரு சிறு கிளினிக்கில் என் மனைவிக்கு ஹெச்.பி.வி. பரிசோதனை செய்தார்கள். வைரஸ் இருப்பது தெரிந்தது. மேற்கொண்டு பார்த்ததில் கர்ப்பப்பை வாயில் ஆரம்ப மாற்றம். சிகிச்சையும் ஆயிற்று. 'இந்த டெஸ்டுக்கு உயர்தர ஆதாரம் இருக்கிறது' என்றார் டாக்டரம்மா. விமர்சனம் எழுதுகிறவனுக்கு 'உயர்தரம்' என்ற சொல் உறுத்தும். தேடிப் படித்தேன்.

அந்த ஆதாரத்தின் முக்கியப் பகுதி மகாராஷ்டிரத்தில், அன்று உஸ்மானாபாத் என்றும் இன்று தாராசிவ் என்றும் பெயர்கொண்ட மாவட்டத்தில் கிடைத்தது. 1999ல் தொடங்கி, 52 கிராமத் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். மூன்று பிரிவுகளுக்கு மூன்றுவிதப் பரிசோதனை. நான்காவதற்கு வழக்கமாக உள்ள வசதி மட்டும். எட்டாண்டுகள் கவனித்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். ஹெச்.பி.வி. பிரிவில் 34,126 பெண்கள். இந்நோயால் இறந்தவர்கள் 34. நான்காம் பிரிவில் 31,488 பெண்கள், இறந்தவர்கள் 64.

குலுக்கல் அவசியம்தான். நர்ஸுகளே தேர்ந்திருந்தால் பஸ் போகிற ஊர், படித்தவர்கள் உள்ள ஊர், கூப்பிட்டால் வருகிற ஊர் என்று போயிருப்பார்கள். அவ்வூர்களின் சௌகரியமெல்லாம் பரிசோதனையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். (நம் வட்டத்து ரசனை விமர்சனம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.) ஆனால் தரத்தை நிர்ணயிக்கிறவர்கள் குலுக்கல் நேர்மையானதா, எண்ணிக்கை போதுமா என்று கேட்கிறார்கள். 64 இல்லாமல் 34க்கு அர்த்தமே கிடையாது என்பது அவர்கள் போடும் மதிப்பெண்ணில் ஏறுவதில்லை.

அப்பெண்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை, அக்கிராமங்களில் முன்பும் பரிசோதனை கிடையாது என்று வாதிக்கலாம். பொய்யல்ல. ஆனால் மேலைநாடுகளில் பாப் ஸ்மியர் பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. இங்கே இல்லாமை என்பது நாம் உண்டாக்கிய ஸ்திதி. அதையே ஒப்பீட்டின் அளவுகோலாக்கும்போது அது பார்வைக்கு இயற்கைபோல ஆகிவிடுகிறது. என்னைத் தொந்தரவு செய்வது இதுதான்.

எனக்கு எதிராகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ல் தொடங்கிய இதேபோன்ற ஆய்வில், வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனை மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007ல் கண்டார்கள். உஸ்மானாபாத்தில் அதே வினிகருக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நல்லெண்ணத்தை நம்பி எல்லா ஊருக்கும் ஒன்றையே கொடுத்திருந்தால் இந்த வித்தியாசமே நமக்குத் தெரிந்திராது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் ஹெச்.பி.வி. பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்ததற்கும், என் மனைவி இன்று சமையலறையில் நிற்பதற்கும் பின்னால் அந்த நான்காம் பிரிவு இருக்கிறது. எதிர்க்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

அவளிடம் சொன்னேன். 'அந்த அறுபத்துநாலு பேரோட பேரு எங்கயாவது இருக்கா?' என்றாள்.

கட்டுரையில் எழுதியவர்களின் பெயர்கள் இருந்தன.