பத்தாவது இடத்தில் பாத்திரம்

வயல், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், துணி, பாத்திரம். மனிதர் சேர்த்து வைக்கும் புறப்பொருள்களைச் சமண நூல்கள் இப்படிப் பத்தாக வகுக்கின்றன. வயலில் தொடங்கும் பட்டியல் அடுக்களையில் வந்து முடிகிறது. பற்றைப் பற்றிப் பேசும்போது பொன்னோடும் நிலத்தோடும் நிறுத்திக்கொள்ளாமல் துணியையும் பாத்திரத்தையும் எண்ணிச் சேர்த்த அந்த ஆசிரியர்கள், குடும்பம் நடத்துகிறவர்களின் வீட்டைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சிந்தனை இன்றும் உயிரோடு இருக்கும் மண் விழுப்புரம் மாவட்டம். திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சிக்குக் கிழக்கே இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான சினகாஞ்சி மடம் அங்கேதான். ஓங்கிய கோபுரத்தோடு பார்சுவநாதர் கோயில், பாறையிலேயே தீர்த்தங்கரர்களையும் பாகுபலியையும் செதுக்கிய மலைநாதர் கோயில் என இரண்டு பழமையான கோயில்கள் ஊருக்குள் இருக்கின்றன. கடல் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சத்தில் மயிலாப்பூரிலிருந்து நேமிநாதர் திருமேனி இங்கே கொண்டுவரப்பட்டதாக மரபு சொல்கிறது. சமணர் என்றதும் நகைக்கடையை நினைத்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளையும் பூமியில் கால் பதித்தபடிதான் இவர்கள் துறவைப் பற்றியும் யோசித்து வந்திருக்கிறார்கள்.

துறவிக்கு ஐந்து பெருநோன்புகள். இல்லறத்தாருக்கு அதே ஐந்தும் அளவோடு: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, ஐந்தாவதாக மிகுபொருள் விரும்பாமை. சமந்தபத்திரர் வடமொழியில் இல்லறத்தாருக்கென்று எழுதிய இரத்தினகரண்டகமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை விரித்துச் சொல்கின்றன. ஐந்தாவது நோன்பு எதையும் தூக்கி எறியச் சொல்வதில்லை. எனக்கு இவ்வளவு போதும் என்று ஒருவர் தாமே ஒரு வரம்பை வகுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்த வரம்பைத் தாண்டி வருவது அவருக்கு உரியதல்ல. உணவாகவோ மருந்தாகவோ அடைக்கலமாகவோ கல்வியாகவோ அது பிறருக்குப் போக வேண்டும். வரம்பு எவ்வளவு என்பதைக் குருவோ மடமோ விதிப்பதில்லை. ஐந்து ஏக்கர் என்று ஒருவர் வைக்கலாம், அரை ஏக்கர் என்று இன்னொருவர் வைக்கலாம். வைத்த பிறகு கூட்டக் கூடாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு நடுத்தர வீட்டுப் பரணை அண்ணாந்து பார்க்கலாம். கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடம், அண்டா, தூக்குவாளி, அடுக்கடுக்காகத் தாம்பாளம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். சில குடங்களில் ஒரு துளித் தண்ணீர்கூடப் பட்டதில்லை; வாங்கிய அன்று ஒட்டிய தாள்கூடப் பாதி கிழிந்தபடி அப்படியே இருக்கும். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த கலர் டிவி ஒரு மூலையில். 2011க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் அதன் பக்கத்தில். கீழே கூடத்தில், தவணையில் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளின் கைப்பிடியில் ஈரத்துண்டு காய்கிறது. உடம்பைக் குறைக்க வாங்கிய பொருள் வீட்டின் சுமையைப் பெருக்கிவிட்டது. உடம்பைப் பேணுவதும் வீட்டை ஒழிப்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பதை அந்தக் கைப்பிடியே காட்டிவிடுகிறது.

எவ்வளவு போதும் என்பதுதான் அந்தக் கேள்வி. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: யாருக்காக?

சமண ஆசிரியரான உமாசுவாமி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் உடைமைக்கு இலக்கணம் சொல்லும்போது பொருளைச் சுட்டவில்லை, பொருள்மேல் கொள்ளும் மயக்கத்தையே உடைமை என்கிறார். வீடு நிறையப் பொருள் இருந்தும் பற்றில்லாதவர் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் மனத்தால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருப்பவரும் இருக்கலாம். அதனால்தான் புறப்பொருள் பத்தோடு சினம், செருக்கு, வஞ்சம், பேராசை முதலான அகப்பொருள் பதினான்கையும் சேர்த்து இருபத்து நான்காக எண்ணினார்கள். உமாசுவாமி அடுத்து வைக்கும் நிபந்தனை இன்னும் கடுமையானது. நோன்பு பூண்டவரின் உள்ளத்தில் தைத்த முள் எதுவும் இருக்கக் கூடாது. அந்த முட்கள் மூன்று: வஞ்சம், பொய்க்காட்சி, பயன் கருதுதல். இந்த நோன்பால் எனக்கு இன்னது கிடைக்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கே முள்ளாகித் தைத்து நிற்கிறது.

இன்றைய வாழ்க்கைக்கு இது நேரான சவால். எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒருவர் இரவு உணவைத் தவிர்க்கிறார். வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொருவர் அலமாரியைக் காலி செய்கிறார். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் அவை நோன்பாகுமா?

நோன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டும் ஒரு குன்று செஞ்சிக்கு வடக்கே இருக்கிறது: திருநாதர்குன்று. குன்றின் மேலுள்ள பெரும்பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில் ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்று அது குறிக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பார்கள். இளையபடாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் மற்றொரு கல்வெட்டும் அங்கே உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் தவறான பாடம் கற்றுக்கொள்ளக் கூடாது. சல்லேகனை என்னும் அந்த நோன்பு, தீராத நோய், தாங்க முடியாத முதுமை, பஞ்சம், விலக்க முடியாத இடர் ஆகிய நிலைகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு இணையானது என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த விவாதம் தனி. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் துறவிகள் உடம்பை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான். பட்டியலில் இருக்கும் பத்துப் பொருளையும் விட்ட பிறகும் கையில் மிஞ்சுவது உடம்பு. அதையும் கடைசியில் வைத்துவிட்டுப் போக வேண்டிய பொருளாகவே அவர்கள் கண்டார்கள். அதற்காக உடம்பைப் பழித்தார்கள் என்று நினைப்பது சரியல்ல. திகம்பரத் துறவி இன்றும் வண்டி ஏறாமல் நடந்துதான் ஊர் ஊராகப் போகிறார். நாளுக்கு ஒரு வேளை, நின்றபடி, கையே கலமாக உண்கிறார். அவரிடம் இருப்பவை தானாக உதிர்ந்த மயிற்பீலியால் கட்டிய ஒரு துடைப்பம், ஒரு கமண்டலம், ஒரு நூல். உட்காரும் இடத்தில் எறும்பு நசுங்காமல் பெருக்கப் பீலி, தூய்மைக்கு நீர், படிக்க ஏடு. மூன்றில் ஒன்றுகூட அலங்காரமில்லை.

இல்லறத்தார் பக்கம் வந்தால், இரவு உண்ணாமை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழ்ச் சமணர்களில் பலர் விடாமல் காத்து வருகிறார்கள். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஒரு வேளையோ முழு நாளோ விரதம் இருப்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு காசு செலவில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற ஆண்கள், நாளின் உணவையெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டார்கள். ஐந்து வாரத்தில், எடை குறையாமலே, அவர்கள் உடம்பு இன்சுலினை ஏற்கும் திறன் கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர் என்பதால் அதைப் பெரிதாக்கிப் பேச முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையை மாற்றுவதும் ஆபத்து.

ஆனால் சமணர் இரவில் உண்ணாததற்குக் காரணம் இன்சுலின் அல்ல. விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பதுதான் காரணம். இங்கேதான் ‘யாருக்காக’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. தன் உடம்புக்கு நல்லது என்று தொடங்கினால், நாக்கு கேட்கிற நாளில் விட்டுவிடலாம், நட்டம் தனக்குத்தானே. இன்னோர் உயிருக்காகத் தொடங்கினால், விடுவதற்கு அந்த உயிரின் அனுமதி வேண்டும். நோன்பு நிலைப்பதன் காரணம் மன உறுதியில் மட்டும் இல்லை, அது எதைப் பார்த்து நிற்கிறது என்பதிலும் இருக்கிறது.

அதற்காக உடம்பைக் கவனிக்காமல் விட வேண்டியதில்லை. குறைந்த செலவில் அதைப் பேணுவதற்கு இந்த வட்டாரத்தில் என்ன இல்லை? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் வேக நடை போதும். மயிலம் மலைக்கு ஏறலாம், மாதத்துக்கு ஒரு பௌர்ணமி திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டரைச் சுற்றி வரலாம். டப்பா டப்பாவாகப் புரதப்பொடி விற்கும் கடைகளுக்கு முன்னால் வளர்ந்த ஊர் திண்டிவனம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரக மல்லாட்டைகளின் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். நூறு கிராம் மல்லாட்டையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடி அவித்துத் தின்றால் காலை கேழ்வரகுக் கூழுக்கு அருமையான துணை.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வரம்பு வைப்பதெல்லாம் இருப்பவர் பேச்சு, இல்லாதவருக்குப் பரணில் கிடக்கும் பழையதுதானே காப்பீடு? உண்மைதான். பித்தளை அண்டா அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகும். ஓடாத மிக்ஸியை என்றாவது பழுது பார்க்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி எல்லாம் நனைந்த வீட்டில், பரண் மேலிருந்த பழைய போர்வையும் பழைய அடுப்பும்தான் மறுநாளைக் காப்பாற்றும். அந்தக் குடும்பத்திடம் போய் ‘தேவையற்றதை விடுங்கள்’ என்று உபதேசம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஐந்தாவது நோன்பும் அப்படிச் செய்யவில்லை. வரம்பை அவரவரே வைக்கட்டும் என்று அது விட்டதன் நியாயம் இங்கே விளங்குகிறது. உண்மையில் அந்த நோன்பின் பாரம் விழுவது, மூன்றாவது குக்கரையும் நான்காவது பெட்டி நிறையப் புடவையையும் வைத்திருக்கிறவர் மேல்தான்.

அவர் என்ன செய்கிறார்? போகிக்கு ஒழிக்கிறார். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று வண்டிக்காரர் கூவிய காலத்திலிருந்து, பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுக்கும் இன்றைய கடை வரை, ஒழித்த இடத்தை உடனே நிரப்பும் ஏற்பாடு நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. பொங்கல் தள்ளுபடி போகிக்கு முன்பே வந்துவிடுகிறது. போகியன்று எல்லோர் வாயிலும் வரும் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற பழஞ்சொல், சமண முனிவர் பவணந்தி நன்னூலில் எழுதிய இலக்கண விதி. மொழியில் சொற்கள் மாறுவதற்கு அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவர் சமயம் விதித்த வரம்பை விட்டுவிட்டோம். புதியது புகுவதற்காக மட்டும் பழையதைக் கழித்தால் பற்று அதே அளவில்தான் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை சட்டை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவே.

தீயில் போடுவது இன்னும் கெட்டது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. ஆனாலும் மார்கழிக் கடைசி விடியலில் புகை எழுகிறது. பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரர் இருமுகிறார். இன்னோர் உயிருக்காக விளக்கொளியில் உண்பதையே விட்டவர்கள் வாழ்ந்த மாவட்டத்தில் இது நடக்க வேண்டியதில்லை.

ஆகவே வரும் போகிக்கு இரண்டு வாரம் முன்பே பரணில் ஏறுங்கள். பெயர் வெட்டிய பாத்திரங்களில் வீட்டுக்கு எத்தனை போதும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி ஓர் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள், துணிக்கும் அப்படியே. மிச்சத்தைக் கழுவித் துடைத்து, புதுக்குடித்தனம் தொடங்குகிற ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் குப்பை வண்டிக்குப் போகட்டும். எழுதிய காகிதத்தை அஞ்சறைப் பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள். பொங்கல் தள்ளுபடி விளம்பரம் வரும்போது முதலில் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாமா என்று முடிவு செய்யுங்கள்.