பொய்யளக்கும் கோல்

ஒருவர் தம்மைப்பற்றித் தாமே கூறும் சாட்சியம் எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது? ஹதீஸ் கலை மேதைகள் இவ்வினாவை அன்றே எதிர்கொண்டனர். 'நான் நம்பத்தக்கவன்' என்று ஓர் அறிவிப்பாளர் கூறுவதை அவர்கள் ஆதாரமாகக் கொள்ளவில்லை. அவரை அறிந்தோரிடம் விசாரித்தனர்; அவருடைய அறிவிப்பைப் பிறர் அறிவிப்புகளோடு ஒப்பிட்டனர்.

இக்கால உளநூலார் வினாத்தாளைக் கையில் கொடுத்து, அம்மனிதரையே அவரைப்பற்றிக் கேட்கின்றனர். அப்படியாயின் பொய்யை எங்ஙனம் அறிவது? அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாதவேயும் மெக்கின்லியும் 1943இல் வெளியிட்ட ஆளுமைத் தேர்வில் இதற்கொரு வழி வகுத்தனர். சில நூறு கூற்றுகளுக்கிடையே 15 கூற்றுகளைப் பொய்யளக்கும் கோலாகக் கலந்து வைத்தனர். அவை பெரும்பாவங்களைப் பற்றியன அல்ல. எப்போதேனும் சினம் கொள்வது போன்ற, ஏறத்தாழ எல்லாரிடமும் உள்ள சிறு குறைகளையே தொடுவன. ஒன்றிரண்டை மறுப்பதால் குற்றமில்லை. பெரும்பாலானவற்றை மறுப்பவரோ தம்மை அழகுபடுத்திக் காட்டுகிறார் என ஐயுறப்படுவார். இல்லாத நோயை நடிப்போரைக் காட்டவும் வேறொரு கோல் உண்டு. நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஒப்பாத அரிய கூற்றுகளை அவர்கள் அளவுமீறி ஒப்புக்கொள்வதே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு நீதிக்கேள்வி எழுகிறது. உண்மையிலேயே நாவையும் சினத்தையும் அடக்கி வாழும் நல்லடியாரையும் இக்கோல் பொய்யரென்று காட்டிவிடாதா? காட்டக்கூடும். ஆதலின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒருவரைப் பொய்யரெனத் தீர்ப்பது அநீதியாகும்.

மேலும், தவறான விடை யாவும் பொய்யுமன்று. பிறர்முன் நற்பெயர் நாடி மறைப்பது வேறு. தன்னைத் தானே நம்பவைத்து ஏமாறுவது வேறு என்று பால்ஹஸ் என்னும் ஆய்வாளர் 1984இல் பிரித்துக் காட்டினார். இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ரியா என்னும் முகஸ்துதியை ஓரிடத்தில் ஆராய்ந்து, குரூர் என்னும் தன்மயக்கத்திற்குத் தனியொரு பகுதியே வகுத்தார்கள். முன்னவன் தன் குறையை அறிவான், பின்னவன் அறியான். அறியாதவனுக்குத் தவ்பாவின் தேவையே தோன்றாதன்றோ!

நாம் துஆவில் கையேந்தி, 'பாவிகளானோம்' என்று தயங்காமல் கூறுகிறோம். ஆனால், 'நேற்று வீட்டாரிடம் கடுஞ்சொல் கூறினீரா?' என்று ஒருவர் கேட்டால் உடனே மறுக்கிறோம். பொதுவில் ஒப்புவது எளிது. குறித்துக் கேட்கும்போதுதான் நெஞ்சு நழுவுகிறது. அந்தப் பதினைந்து கூற்றுகளும் பற்றிப்பிடிப்பது இந்நழுவலைத்தான்.

பிறரை அளக்க அக்கோலை எடுப்பவர் அஞ்சி எடுக்கட்டும். நம்மை நாமே அளக்க, உறங்குமுன் நாள்தோறும் எடுப்போமாக!