தானாக ஓடும் தண்ணீர்

ஒரு டிசம்பர் மாதத்து மாலை நேரம். பூன் லே ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த நம்மில் சிலர், வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்தபடியால் நடைபாதைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றோம். எதிரே ஒரு கட்டடத்தின் முன்னால் பரந்த புல்தரை. மேலிருந்து மழை இறங்கிக் கொண்டிருக்க, கீழிருந்து நீர் தெளிப்பான்கள் எழுந்து சுழன்று, அதே புல்லின்மீது குழாய்த் தண்ணீரை இறைத்துக் கொண்டிருந்தன. பார்த்துச் சிரித்தோம். மழை விட்டதும் அவரவர் வழியே போய்விட்டோம். பின்னொரு நாள் அவ்விடத்துக் காவலாளியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "அது தானாக ஓடுகிறது ஐயா" என்றார். அதற்குமேல் கேட்க நமக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பதில் பொய்யன்று. ஆனால் "தானாக" என்ற அந்த ஒரு சொல் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. உலகில் எது தானாக ஓடுகிறது? குழாயைப் பதித்தவர் ஒருவர்; காலை இத்தனை மணி, மாலை இத்தனை மணி என்று கருவியில் நேரம் குறித்தவர் ஒருவர்; மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவர் ஒருவர்; கண்ணால் கண்டும் பேசாமல் சென்றவர்கள் நாம். இத்தனை பேர் இருந்தும் செய்தவர் யாருமில்லை என்று ஆகிவிட்டதே, இது எப்படி?

முதலில், இது பெரிய குற்றந்தானா என்று சிலர் கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர், அவர்கள் விருப்பம் என்பர். அன்றியும், இத்தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை கால்வாய்கள் வழியே நீர்த்தேக்கங்களுக்கே போய்ச் சேருகிறது. புல்லில் வழிந்த நீரும் அவ்வழியே திரும்பிவிடும். நஷ்டம் என்ன என்றும் வாதிடலாம். வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழாயில் வந்த நீர், வடிகட்டிச் சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து ஏற்றி அனுப்பப்பட்ட குடிநீர். கால்வாயில் விழுந்தவுடன் அது மறுபடியும் வெறும் மழைநீராகிவிடுகிறது. அதன்மேல் செலவான உழைப்பும் எரிபொருளும் திரும்பி வருவதில்லை.

நம் சமுதாயத்தாருக்கு இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் அளவுக்கு மிஞ்சி நீரைச் செலவிடலாகாது என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று வழங்கி வருவதை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆற்றில் எடுத்த நீர் ஆற்றிலேயே விழுகிறது. ஆறு குறைந்துவிடப் போவதில்லை. அப்படியிருந்தும் எச்சரிக்கை ஏன்? நீரின் கணக்கு ஒருபுறமிருக்க, அதைக் கையாளும் மனிதனின் கணக்கும் ஒன்று உண்டு என்பதனால்தான். ஏராளமாக இருக்கும் இடத்தில் வீணாக்கப் பழகிய கை, பற்றாக்குறை வரும்போது திருந்திவிடும் என்பதற்கு உறுதி ஏது?

பற்றாக்குறை இந்நாடு அறியாததன்று. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதம் இங்கே குடிநீர் முறைவைத்து வழங்கப்பட்டது. 1962இல் ஜொகூருடன் செய்த ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். அதன் காலம் 2061இல் முடிகிறது. ஒப்பந்தம் இருந்தாலும் ஆற்றில் நீர் இருக்க வேண்டுமே! அவ்வாற்றுக்குத் துணைநிற்கும் லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு முன், 2014 பிப்ரவரியில் மழை அடியோடு பொய்த்து, ஊரெங்கும் புல் காய்ந்து பழுப்பேறியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும், 2003 முதல் வழங்கப்படும் நியூவாட்டரும் நமக்கு இன்று துணை. ஆயினும் அவை ஆற்றுநீரைவிட அதிகச் செலவில் கிடைப்பவை.

இனி, அந்தத் தெளிப்பானுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. வானிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. மழை பட்டதும் தெளிப்பானை நிறுத்திவைக்கும் சிறு உணர்கருவி ஒரு வகை. மண்ணில் பதித்து ஈரத்தை அளக்கும் கருவி மற்றொரு வகை. மூன்றாவது வகை, வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் இவற்றைக் கொண்டு, மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அன்று எவ்வளவு நீர் ஆவியாகப் போயிருக்கும் என்று கணக்கிடும். பெய்த மழையை அதில் கழிக்கும். மீதிக் குறையை மாத்திரமே ஈடுசெய்யும். இக்கணக்குக்கு அடிப்படையான சூத்திரத்தை ஹோவர்ட் பென்மன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1948இல் வெளியிட்டார். அன்று விவசாய ஆராய்ச்சிக்கென்று எழுதப்பட்டது, இன்று சுவரில் மாட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

லாபம் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் விட்டால் ஒரு லிட்டர். ஆகவே 200 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் விட்டால் 1,000 லிட்டர். சிங்கப்பூரில் ஒருவர் தம் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 140 லிட்டர்; அப்படியானால் ஏழு பேர் குடித்து, குளித்து, சமைத்து, துவைக்கும் ஒரு நாள் தண்ணீர் அது. 2025 ஏப்ரல் முதல் இல்லங்களுக்கான கட்டணம், மாதம் 40 கன மீட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. இங்கே ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்கிறது. அந்நாள்களில் தெளிப்பானை நிறுத்தினாலே, இந்தக் கட்டணத்தில் ஏறத்தாழ 550 வெள்ளி மிஞ்சும். தூறல் விழுந்த நாளெல்லாம் புல்லுக்குப் போதிய நாள் ஆகாது என்பதால் இதில் கொஞ்சம் குறைத்தே கொள்வோம். புல்தரை சிறியதானால் கருவியின் விலை பல ஆண்டுகளுக்குத் திரும்பி வராது. அங்கே கையால் அடைப்பதே போதும்.

இவ்வளவும் கணக்கு. நம்முடைய கேள்வி இதற்கு அப்பால் இருக்கிறது. மழை கண்டு நீரை நிறுத்துவது கருவியானால், சிக்கனம் என்ற குணம் யாருடையது?

கிணற்றில் இறைத்துச் செடிக்கு வார்த்த காலத்தில், கம்பத்து வீட்டில் ஒரு பாட்டி வாளியைத் தூக்குமுன் வானத்தைப் பார்ப்பார். மண்ணைக் காலால் தொட்டுப் பார்ப்பார். தூக்கும் கைக்கு வலி தெரியும். ஆதலால் கண்ணும் விழித்திருந்தது. பின்பு நேரம் குறிக்கும் பெட்டி வந்தது. அது கையின் வலியை நீக்கியது. கூடவே கண்ணையும் மூடிவிட்டது. இப்போது வந்திருக்கும் புதிய பெட்டி, மூடிய கண்ணுக்குப் பதிலாக வேறொரு கண்ணைத் தருகிறது. நல்லதே. எனினும் அதுவும் "தானாக" ஓடுவதே அல்லவா? மழை உணர்கருவியை மரக்கிளையின் அடியில் மாட்டியிருந்தால் அது மழையை அறியாது. ஒரு குழாய் உடைந்து ஒழுகினால், அதை அறியாத பெட்டி நாள்தோறும் சரியான அளவை அந்த உடைசலிலேயே ஊற்றிக் கொண்டிருக்கும். அப்போதும் ஒரு காவலாளி நமக்கு அதே பதிலைச் சொல்லக்கூடும்.

ஆகவே நாம் கண்ட முடிவு இதுதான். கருவி நம் பொறுப்பைச் சுமக்கும். ஆனால் அதை ஏற்றுக் கொள்ளாது. ஏற்க வேண்டியவர் அதை வாங்கி மாட்டி, மாதம் ஒரு முறையேனும் நின்று பார்க்கிற மனிதரே. செயலுக்கு முன் நிய்யத்து என்று நாம் சொல்கிறோம். பெட்டியில் குறிக்கும் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நிய்யத்து இருக்கிறது. வீணாகக் கூடாது என்று எண்ணிக் குறித்தவருக்குப் பெட்டியின் சிக்கனம் அவருடைய சிக்கனமே. எவனோ குறித்தான், எவனோ கட்டுகிறான் என்று இருப்பவருக்கு, உலகத்திலேயே சிறந்த கருவியும் ஒரு நல்ல சாக்கு, அவ்வளவே.

பூன் லேயில் அடுக்குமாடி வீட்டில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குப் புல்தரை ஏது, இது பணக்காரர் கவலை என்று எண்ண வேண்டாம். ஜூரோங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறோம். பள்ளிவாசல், சங்கம், சமூகத் தோட்டம் இவற்றின் குழுக்களில் அமர்கிறோம். கூட்டுக் கட்டடங்களுக்குப் பராமரிப்புப் பணம் கொடுக்கிறோம். சொந்தக் குழாய் ஒழுகினால் இரவோடிரவாக அடைக்கிற நாம், பொதுக் குழாய்க்கு "தானாக" என்ற சொல்லை ஒப்புக் கொண்டுவிடுகிறோம். பத்துப் பேருக்குச் சொந்தமான தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாததாகி விடுகிறது. அமானத்து என்பது இத்தகைய இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

அந்தக் கட்டடத்தின் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று இப்போது தீர்மானித்திருக்கிறோம். மழை உணர்கருவி என்று ஒன்று உண்டு, அதை மாட்டலாம், அதுவரை மழைநாளில் ஒருவர் சென்று அடைக்கலாம் என்று பணிவாகத் தெரிவிக்கும் கடிதம். பதில் வருமோ வராதோ. ஆனால் மழைக்கு ஒதுங்கி நின்று சிரித்த அன்றே எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.