எண்ணத் தொடங்கும் இடம்

வ. புதுப்பட்டித் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுமுன் பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் எண்ணுவான். எண்ணிக்கை முடிகிற ஆள் ‘பழம்’, வட்டத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். கடைசியில் மிஞ்சுகிறவன்தான் துரத்த வேண்டும். யார் முகத்தையும் பார்க்காத முறை என்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

பொறியியல் படிக்கும் அண்ணன் மகள் இதைப் பைத்தானில் எழுதிக் காட்டினாள். ஆறேழு வரிதான். மூன்றாவது ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கு, அடுத்தவரிடமிருந்து மறுபடி எண்ணு, பட்டியல் முடிந்தால் தலைக்குத் திரும்பு, ஒருவர் மிஞ்சும்வரை விடாதே.

“எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க சித்தப்பா, யாரு மாட்டுவான்னு சொல்லிர்றேன்.”

10 பேர் என்றால் நான்காவது ஆள். 11 என்றால் ஏழாவது, 12 என்றால் பத்தாவது. ஆள் ஒன்று கூடக் கூட வினை மூன்று இடம் தள்ளிப் போகிறது. வட்டம் முடிந்தால் சுற்றி வருகிறது. இது பிடிபட்டுவிட்டால் யாரையும் நீக்கிப் பார்க்கவே வேண்டாம். முதல் எண்ணைச் சொல்லுமுன்பே மாட்டுகிறவன் முடிவாகிவிட்டான். எண்ணுவதெல்லாம் அவனுக்குத் தகவல் சொல்வதுதான்.

கி.பி. 67இல் ரோமப் படையிடம் யோதபாத்தா நகரம் வீழ்ந்தபோது யூதத் தளபதி ஜொசிபஸ் 40 பேருடன் குகையில் பதுங்கினார். சரணடையாமல் ஒருவர் கையால் ஒருவர் சாவதென்று முடிவு. சீட்டுப் போட்டதில் தானும் இன்னொருவரும் மிஞ்சியது தற்செயலோ தெய்வச் செயலோ என்று அவரே எழுதினார். மிஞ்சியவருக்கு அப்படிச் சொல்வது சுலபம். பிற்காலத்தார் இதை வட்டக் கணக்காக்கினார்கள்: 41 பேரில் மூன்றாவது ஆளாக நீக்கிக்கொண்டே வந்தால் தப்பும் இடங்கள் 16, 31. அங்கே கடைசி ஆளுக்கு உயிர். எங்கள் தெருவில் கடைசி ஆளுக்கு ஓட்டம்.

எனக்குப் பிடித்தது ‘ஜிங்கோகி’ என்ற பழைய ஜப்பானியக் கணக்கு நூலில் வரும் கதை. 15 சொந்தப் பிள்ளைகள், 15 மூத்தாள் பிள்ளைகள். சொத்துக்கு ஒருவனைத் தேர்ந்தெடுக்கப் பத்தாவது ஆளாக நீக்குகிறாள் சிற்றன்னை. மூத்தாள் பிள்ளைகளில் 14 பேர் வரிசையாக விழுகிறார்கள். மிஞ்சிய ஒருவன், “இனி என்னிலிருந்து எண்ணுங்கள்” என்கிறான். அவள் சம்மதிக்கிறாள். அதன்பின் விழுந்ததெல்லாம் அவள் பெற்ற பிள்ளைகள்.

கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும் ஊர்களில் வழக்கமாகத் தலைமடையிலிருந்து முறை ஆரம்பிக்கும். ஆளுக்கு இத்தனை நேரம் என்பதில் ஏமாற்று எதுவும் இருக்காது. தண்ணீர் குறைந்த வருஷம் முறை முழுசாக வந்துசேராது. காய்வது கடைமடை வயல். “இந்தத் தடவை எங்க பக்கமிருந்து ஆரம்பிங்க” என்று கடைமடைக்காரர் கேட்டால், முறையைக் கெடுக்கிறார் என்பார்கள். ஆளுக்கு இத்தனை நேரம் என்பதை அவர் தொடவே இல்லை.